சாக்கோ பள்ளத்தாக்கின் ஃபஹாதா குன்று: ‘சூரியக் கட்டாரி’யை இன்று நேரில் பார்க்க முடியாதது ஏன்?

பாறைச் சுவரில் செதுக்கிய சுருள்கோடு. அதன் நடுவே கட்டாரி முனைபோல் கூராக இறங்கும் ஒளிக்கீற்று. ஜூன் 21 நெருங்கும்போது, ‘சூரியக் கட்டாரி’ என்ற பெயரில் இந்தப் படம் இணையத்தில் வலம் வரத் தொடங்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாக்கோ பள்ளத்தாக்கில் தனித்து நிற்கும் ஃபஹாதா என்னும் பாறைக்குன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே எடுக்கப்பட்ட படம் அது. அந்தக் காட்சியைக் காணவேண்டும் என்று மண்சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேருகிறவர்களுக்கு அங்கே இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன. குன்றின்மேல் ஏறுவதற்கு அனுமதி இல்லை என்பது முதலாவது. ஏறினாலும் படத்தில் உள்ளபடி ஒளி விழுவதில்லை என்பது இரண்டாவது.

இதைக் கேட்டவுடன் எழும் சந்தேகங்கள் இயல்பானவை. படம் பொய்யா, பூங்கா நிர்வாகம் எதையேனும் மறைக்கிறதா, ஆயிரம் ஆண்டுகள் வேலை செய்த ‘நாள்காட்டி’ நம் காலத்தில் எப்படிப் பழுதானது என்றெல்லாம் கேட்கிறார்கள். சாக்கோவைச் சுற்றியுள்ள நிலத்தில் எண்ணெய்க் குத்தகை குறித்து நடக்கும் வழக்கும் சேர்ந்துகொண்டதால், குன்றையே தோண்டப் போகிறார்கள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. படம் உண்மையானது, ஆனால் பழையது. அதனோடு சேர்ந்து பரவும் விளக்கங்களில்தான் பல, உள்ளதைவிட அதிகமாகச் சொல்கின்றன. எது எவ்வளவு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

குன்றும் அதன் பெயரும்

பாலைநிலங்களில் மேற்பரப்பு மேசைபோல் தட்டையாகவும், பக்கங்கள் செங்குத்தாகவும் உள்ள அகன்ற மேட்டுநிலத்தை ‘மேசா’ என்பார்கள். மேசாவின் ஓரங்கள் அரிக்கப்பட்டு, அதிலிருந்து துண்டுபட்டுத் தனித்து நிற்கும் குறுகிய, உயர்ந்த எச்சத்துக்கு ‘பியூட்’ என்று பெயர். தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. கரடு என்று சொல்லலாம். ஆனால் நம் ஊர்க் கரடுகள் பெரும்பாலும் ஒரே உருகுபாறைத் திரளாகவோ உருமாறிய பாறையாகவோ இருப்பவை. ஃபஹாதா அடுக்கடுக்காகப் படிந்த வண்டல்பாறையால் ஆனது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

குன்று பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 135 மீட்டர் எழுகிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,019 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது காண்பவர் நிற்கும் தரையே கொடைக்கானலின் உயரத்துக்குச் சற்றுக் குறைந்ததுதான். ‘ஃபஹாதா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பட்டை கட்டியது, கச்சை கட்டியது என்று பொருள். குன்றின் இடையில் ஓடும் கரும்பட்டைகள் அந்தப் பெயரின் பொருத்தத்தைக் காட்டுகின்றன.

ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வட அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காக ஓர் ஆழமற்ற கடல் கிடந்தது. அதன் கரை முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருந்தது. கரையோரச் சதுப்புகளில் படிந்த சேறும் மக்கிய தாவரங்களும் களிப்பாறையாகவும் நிலக்கரியாகவும் இறுகின. மெனஃபி படிவம் எனப்படும் இந்த அடுக்குகளே குன்றின் கீழ்ச்சரிவு. பிறகு கடல் நிலத்தின்மேல் ஏறி வந்தபோது கடற்கரை மணல் இவற்றின்மேல் குவிந்து, கிளிஃப் ஹவுஸ் மணற்கல்லாக மாறியது. குன்றின் மேற்பகுதியில் செங்குத்தாக நிற்பது இதுதான். பள்ளத்தாக்கின் வேறு இடங்களில் இந்த மணற்கல்லைக் கிட்ட நின்று பார்த்தால், விரல் பருமனில் சொரசொரப்பான குழாய்கள் பாறைக்குள் ஓடுவது தெரியும். கடற்கரை மணலில் இறால் போன்ற உயிர்கள் தோண்டிய வளைகள் அவை.

மேலே கடினக் கல், கீழே மென்மையான களி. இந்த அமைப்பில் அரிப்பு எப்போதும் கீழிருந்தே தொடங்குகிறது. களி கரைந்து ஓட, தாங்கலை இழந்த மணற்கல் செங்குத்துப் பலகைகளாகப் பிளந்து, முதலில் சற்றுச் சாய்ந்து, பிறகு ஒருநாள் விழுகிறது. இதே பள்ளத்தாக்கில், 1941 ஜனவரியில், ஏறத்தாழ 30,000 டன் எடையுள்ள பாறைப் பலகை ஒன்று பியூப்லோ போனிட்டோ என்னும் பழைய கட்டடத் தொகுதியின் பின்பகுதியில் சாய்ந்து விழுந்து, பல அறைகளை நொறுக்கியது. அந்தப் பாறை ஒருநாள் விழும் என்று கட்டடத்தை எழுப்பியவர்களுக்கே தெரிந்திருந்தது. அடியில் முட்டுக் கொடுத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பிளந்து நிற்கும் பலகைக் கல் என்பது சாக்கோவில் அபூர்வம் இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்க.

குன்றின்மேல் யார் இருந்தார்கள்?

சுமார் கி.பி. 850 முதல் 1150 வரை சாக்கோ ஒரு பெரிய பண்பாட்டு மையமாக இருந்தது. அதைக் கட்டியவர்களை ‘மூதாதைப் பியூப்லோ மக்கள்’ என்று இன்று குறிப்பிடுகிறார்கள். ஹோப்பி, ஜூனி, ஆக்கோமா, லகூனா உள்ளிட்ட இன்றைய பியூப்லோ சமூகங்கள் அவர்களின் வழித்தோன்றல்கள். அந்த நிலத்தைச் சூழ வாழும் நவஹோ மக்களுக்கும் சாக்கோவோடு நீண்ட உறவு உண்டு. கற்களை மெல்லிய தகடுகளாக அடுக்கி நான்கு மாடி வரை எழுப்பிய ‘பெருமனை’களில் மிகப் பெரியதான பியூப்லோ போனிட்டோவில் 600க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. 1130 அளவில் தொடங்கிய நீண்ட வறட்சியோடு கட்டுமானம் ஓய்ந்தது.

ஃபஹாதாவின் மேல்விளிம்புகளிலும் சிறிய குடியிருப்புகள் இருந்திருக்கின்றன. அங்கே கிடைத்த பானை ஓடுகள் 10ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரையிலான புழக்கத்தைக் காட்டுகின்றன. தென்மேற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 95 மீட்டர் உயரத்துக்கு, 230 மீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட ஏறுபாதை ஒன்றின் எச்சங்கள் உள்ளன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 25 சென்டிமீட்டரை எட்டாத நிலத்தில், குடிக்கும் தண்ணீரைக்கூடச் சுமந்துதான் மேலே கொண்டுபோக வேண்டிய ஓர் உச்சிக்கு, இவ்வளவு உழைப்பைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒளிச் சுருளைப் பற்றிய எல்லா வாதத்தையும் ஒதுக்கிவிட்டாலும், இந்தக் குன்று அவர்களுக்குச் சாதாரண இடம் இல்லை என்பதற்கு இந்த ஏறுபாதை ஒன்றே போதும். அதைப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

சூரியக் கட்டாரி எப்படி வேலை செய்தது?

முதலில் இரண்டு சொற்கள். சூரியன் வானில் தன் வடக்கெல்லையையோ தெற்கெல்லையையோ அடைந்து திரும்பும் நாள் கதிர்த்திருப்பம் எனப்படும். வட அரைக்கோளத்தில் கோடைத் திருப்பம் ஜூன் 21ஐ ஒட்டியும், குளிர்காலத் திருப்பம் டிசம்பர் 21ஐ ஒட்டியும் வரும். நம் பஞ்சாங்கம் தட்சிணாயனத்தை ஆடிப் பிறப்பிலும் உத்தராயணத்தைத் தைப் பிறப்பிலும் தொடங்குவதால், அந்தத் தேதிகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பேசுவது கண்ணால் காணும் திருப்பத்தை. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களைச் சமநாள் என்போம்.

சாக்கோ ஏறத்தாழ 36 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே உச்சிப்பொழுதில் சூரியனின் உயரம் கோடைத் திருப்பத்தில் சுமார் 77 பாகை, சமநாளில் 54 பாகை, குளிர்காலத் திருப்பத்தில் 31 பாகை. பருவத்துக்குப் பருவம் இவ்வளவு மாறும் உயரத்தைத்தான் இந்த அமைப்பு பயன்படுத்துகிறது. செயல்முறை இது:

1. தென்கிழக்கு நோக்கிய ஒரு பாறைச் சுவரில், மூன்று மணற்கல் பலகைகள் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 3 மீட்டர் உயரம்; எடை ஏறத்தாழ 2 டன்.

2. பலகைகளுக்குப் பின்னால், நிழலில், சுவரில் இரண்டு சுருள்கள் கொத்தப்பட்டிருக்கின்றன. பெரியது சுமார் 40 சென்டிமீட்டர் அகலம், ஒன்பதரைச் சுற்று. சிறியது அதன் இடப்பக்கம் மேலே, உள்ளங்கை அளவில் இருக்கிறது.

3. மூன்று பலகைகளுக்கு இடையே இரண்டு இடுக்குகள். முற்பகல் முடியும் வேளையில் சூரிய ஒளி இந்த இடுக்குகளின் வழியே நுழைந்து, சுவரில் ஒடுங்கிய கீற்றுகளாக விழும். சூரியன் நகர நகர அந்தக் கீற்று மேலிருந்து கீழாக இறங்கும்.

4. கோடைத் திருப்பத்தில், சூரியநேரப்படி காலை 11 மணி கடந்த சில நிமிடங்களில், ஒற்றைக் கீற்று பெரிய சுருளின் மையத்தை ஊடுருவி இறங்கியது. முழுக் காட்சியும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

5. நாள்கள் செல்லச் செல்ல அந்தக் கீற்று வலப்பக்கம் விலகியது. இடப்பக்கத்தில் இரண்டாவது கீற்று தோன்றியது. சமநாளில் இரண்டாவது கீற்று சிறிய சுருளின் மையத்தில் இறங்கியது.

6. குளிர்காலத் திருப்பத்தில் இரண்டு கீற்றுகளும் பெரிய சுருளின் இரு விளிம்புகளையும் தொட்டு, அதை அடைப்புக்குறிபோல் இருபக்கமும் அணைத்து நின்றன.

இதை நவீன உலகுக்குத் தெரியப்படுத்தியவர் அன்னா சோஃபேர் என்னும் ஓவியக் கலைஞர். பாறைச் செதுக்கல்களைப் பதிவு செய்யும் தன்னார்வலராக 1977 ஜூன் இறுதியில் குன்றின்மேல் ஏறியிருந்தபோது, தற்செயலாக அந்த வேளையில் அங்கே இருந்ததால் கீற்று இறங்குவதைக் கண்டார். இயற்பியலாளர் ரோல்ஃப் சின்க்ளேர், கட்டடக் கலைஞர் வோல்கர் ஸின்ஸர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ‘சூரியக் கட்டாரி’ உலகப் புகழ் பெற்றது அதன் பிறகுதான்.

நிலவும் சேர்கிறதா?

சூரியன் ஆண்டுதோறும் ஒரே எல்லைகளுக்குள் போய்வருகிறது. நிலவின் எல்லைகள் அப்படி நிலையாக இருப்பதில்லை. நிலவின் பாதை சூரியப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதாலும், அந்தச் சாய்வு 18.6 ஆண்டுக்கு ஒருமுறை முழுச்சுற்று சுழல்வதாலும், நிலவு உதிக்கும் வடகோடி இடம் மெல்ல விரிந்து, மெல்லச் சுருங்குகிறது. விரிவின் உச்சம் ‘பெருநிலை’, சுருக்கத்தின் உச்சம் ‘சிறுநிலை’. சாக்கோவின் அட்சத்தில், பெருநிலையின்போது நிலவு, சூரியனின் வடகோடியைத் தாண்டி ஏறத்தாழ 7 பாகை வடக்கே உதிக்கும். சிறுநிலையின்போது அதே அளவு தெற்கே நின்றுவிடும். அண்மைப் பெருநிலை 2024–25இல் வந்தது.

சிறுநிலைக் காலத்தில் வடகோடியில் உதிக்கும் நிலவின் ஒளியில் பலகையின் நிழல் பெரிய சுருளை இருகூறாகப் பிரிக்கிறது, பெருநிலையில் அந்த நிழல் சுருளின் இடவிளிம்பைத் தொடுகிறது என்பது சோஃபேர் குழுவின் அடுத்த வாதம். சுருளின் ஒன்பதரைச் சுற்று, 18.6 ஆண்டில் பாதியைக் குறிக்கும் என்றும் அவர்கள் சொன்னார்கள். எனக்கு இந்தக் கடைசிக் கணக்கு இழுத்துப் பொருத்தியதாகவே படுகிறது. ஆனால் நிலவின் பெருநிலையைச் சாக்கோ மக்கள் அறிந்திருக்கவே முடியாது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. கொலராடோவில் உள்ள சிம்னி ராக் என்னும் சாக்கோ காலப் பெருமனையிலிருந்து பார்த்தால், பெருநிலையின்போது நிலவு இரண்டு இயற்கைப் பாறைத்தூண்களுக்கு நடுவே உதிக்கிறது. அந்தக் கட்டடத்தின் மரங்கள் வெட்டப்பட்ட ஆண்டுகளாக மரவளையக் கணக்கு தரும் 1076, 1093 இரண்டும் பெருநிலைக் காலத்தோடு ஒத்துவருகின்றன.

இது நாள்காட்டியா?

பரவும் விளக்கங்களில் மிகையாவது இந்த இடத்தில்தான். மூன்று கேள்விகளைத் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

1. பலகைகளை மனிதர் நிறுத்தினார்களா? சோஃபேர் குழு முதலில் அப்படித்தான் கருதியது. 1982இல் நியூமன், மார்க், விவியன் ஆகிய மூவர் அதே ‘சயன்ஸ்’ இதழில், பலகைகள் மேலுள்ள பாறையிலிருந்து இயற்கையாகப் பிளந்து சரிந்தவை என்றும், அந்த இடுக்குகளில் விழும் ஒளியைக் கண்ட மக்கள் அதற்கேற்பச் சுருளைக் கொத்தினார்கள் என்றும் வாதிட்டார்கள். மணற்கல் இங்கே எப்படிப் பிளக்கிறது என்பதை மேலே பார்த்தோம். இரண்டாவது விளக்கமே எளிமையானது. இதனால் அந்த மக்களின் கூர்மை குறைந்துவிடாது. இரண்டு டன் கல்லைத் தூக்கி நிறுத்துவதைவிட, தானாக விழுந்த கல்லின் நிழலை ஆண்டு முழுவதும் கவனித்து, சரியான இடத்தில் உளி வைப்பதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

2. ஒளிப் பொருத்தம் தற்செயலா? கோடைத் திருப்பம் மட்டும் பொருந்தியிருந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். திருப்பங்கள் இரண்டிலும் சமநாளிலும் கீற்றுகள் சுருள்களின் மையத்தையோ விளிம்பையோ தொடுவதால், சூரியனைப் பார்த்தே சுருள்கள் செதுக்கப்பட்டன என்பதில் பெரிய எதிர்ப்பு இல்லை.

3. நாளைக் கணிக்க இது பயன்பட்டதா? இதைத்தான் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக வானியலாளர் மைக்கேல் சைலிக் கேள்விக்கு உட்படுத்தினார். காரணம் வானியலிலேயே இருக்கிறது. திருப்பத்தை நெருங்கும்போது சூரியன் ஏறத்தாழ அசையாமல் நின்றுவிடுகிறது. திருப்பத்துக்கு 4 நாள் முன்னால் உச்சி உயரத்தில் உள்ள வேறுபாடு ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு அளவே. 10 நாள் முன்னால்கூட மூன்றில் ஒரு பங்கு பாகைதான். சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகை. அதனால் ஒளிக்கீற்றின் ஓரம் எப்போதும் சற்றுக் கலங்கலாகவே விழும். ஆகவே கீற்று சுருளின் மையத்தில் இறங்குவதைப் பார்த்து ‘இன்றுதான் திருப்பம்’ என்று நாளைச் சுட்ட முடியாது. சோஃபேர் அதை முதலில் கண்டதே திருப்பம் முடிந்து ஒரு வாரம் கடந்த பிறகு என்பது இதற்கு நல்ல சான்று.

பியூப்லோ சமூகங்களில் சூரியனைக் கவனிக்கும் பொறுப்புள்ளவர்கள் பின்பற்றிய முறை வேறு. ஒரே இடத்தில் நின்று, தொடுவானத்தில் எந்த முகட்டின் மேல், எந்தப் பிளவில் சூரியன் உதிக்கிறது என்று நாளும் பார்ப்பார்கள். சாக்கோவின் அட்சத்தில் சூரியன் உதிக்கும் இடம் ஆண்டில் ஏறத்தாழ 59 பாகை அகலத்துக்குப் போய்வருகிறது. சமநாளை ஒட்டி நாளுக்கு அரைப் பாகை நகர்கிறது. திருப்பத்துக்கு இரண்டு வாரம் முன், உதயம் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நாளை எண்ணிச் சடங்குக்கு ஆயத்தம் செய்வார்கள். விழா நாளன்று ‘இன்று விழா’ என்று அறிவதில் யாருக்கும் பயனில்லை; சமைக்கவும் ஆடைகளை ஒழுங்கு செய்யவும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதனால் ஃபஹாதாவின் சுருளை நாள் கணிக்கும் கருவி என்பதைவிட, கணித்த நாளைக் கொண்டாடிய சூரியத் தலம் என்று கொள்வதே பொருந்தும் என்பது சைலிக்கின் முடிவு. பலகைகளுக்கும் சுவருக்கும் இடையே ஓரிருவர் மட்டுமே எட்டிப் பார்க்கக்கூடிய இடம் அது. ஊர் கூடிப் பார்க்கும் கடிகாரம் ஆகாது. ‘உலகின் மிகத் துல்லியமான பழங்கால நாள்காட்டி’ என்ற தலைப்போடு வரும் பதிவுகளை இந்த அளவில் தள்ளிப் படிக்கலாம்.

1989இல் நடந்தது

பலகைகள் பாறையோடு ஒட்டியவை அல்ல. களியும் சரளையும் கலந்த மண்ணில் ஊன்றிச் சுவரில் சாய்ந்திருந்தவை. புகழ் பரவியதும் ஆய்வாளர்கள், படமெடுப்பவர்கள், பார்வையாளர்கள் என்று அந்தக் குறுகிய விளிம்பில் நடமாட்டம் கூடியது. ஒவ்வொரு காலடியும் சிறிது சரளையைக் கீழே தள்ளியது. இறுகிய மண்ணில் மழைநீர் வழி மாறி ஓடியது. பலகைகள் சறுக்கி இடம் பெயர்ந்துவிட்டன என்பதும், கோடைத் திருப்பத்தின் கீற்று முன்புபோல் விழவில்லை என்பதும் 1989இல் தெரியவந்தது. 1990இல் பூங்கா நிர்வாகம் பலகைகள் மேலும் நகராதபடி அடிமண்ணைப் பலப்படுத்தியது. அவற்றைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.

நகர்த்தினால் என்ன என்று கேட்கலாம். இடுக்கின் அகலத்தில் சிறு மாற்றம் வந்தாலும் கீற்றின் வடிவமும் இடமும் மாறிவிடும் என்பதைத்தான் அந்தச் சறுக்கலே காட்டியது. நம் கையால் தள்ளி நிறுத்திய கல்லில் விழும் ஒளி, நாம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று விரும்பினோமோ அங்கே விழும். அதற்குமேல் அது எதற்கும் சான்றாகாது. தவிர, பியூப்லோ மக்களுக்கு அது புனிதத் தலம். அங்கே எந்திரங்களை ஏற்றுவது பொறியியல் வேலை மட்டும் ஆகாது. 1984இல் எடுத்த அளவீட்டுப் படங்களையும் பின்னாளில் எடுத்த லேசர் அளவீட்டையும் இணைத்து, பழைய நிலையைக் கணினி மாதிரியாக மீட்டிருக்கிறார்கள். ஆகவே இன்று காணக்கிடைக்கும் தெளிவான காட்சிகள் இரண்டு வகையில் அடங்கும்: சறுக்கலுக்கு முன் எடுத்த நிழற்படங்கள், அல்லது கணினி மாதிரிகள்.

எண்ணெய்க் குத்தகை வழக்குக்கும் குன்றுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. குன்று இருப்பது 1907இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு, 1980இல் சாக்கோ பண்பாட்டுத் தேசிய வரலாற்றுப் பூங்கா என்று விரிவாக்கப்பட்ட எல்லைக்குள். யுனெஸ்கோ 1987இல் சாக்கோவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வழக்கு பூங்காவுக்கு வெளியே உள்ள நிலத்தைப் பற்றியது.

2023 ஜூனில் அமெரிக்க உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட், பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரையிலான கூட்டாட்சி நிலத்தில் 20 ஆண்டுகளுக்குப் புதிய எண்ணெய், எரிவாயுக் குத்தகை விடுவதை நிறுத்தினார். பரப்பு சுமார் 1,36,000 ஹெக்டேர். அவர் லகூனா பியூப்லோவைச் சேர்ந்தவர். ஏற்கெனவே விடப்பட்ட குத்தகைகளை ஆணை தொடவில்லை. ஆக்கோமா, லகூனா பியூப்லோக்கள் ஆணையை ஆதரிக்கின்றன. நவஹோ மக்களின் தன்னாட்சி அரசான ‘நவஹோ நாடு’ 2025 ஜனவரியில் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அங்கே கூட்டாட்சி நிலமும் நவஹோ குடும்பங்களுக்குப் பிரித்தளித்த மனைகளும் சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறிக் கிடக்கின்றன. தங்கள் மனை ஆணைக்கு உட்படாவிட்டாலும், பக்கத்து நிலத்தில் துளையிட முடியாதபோது, பல மனைகளுக்கு அடியில் பக்கவாட்டில் நீளும் கிடைமட்டக் கிணறு தோண்ட எந்த நிறுவனமும் வராது, குத்தகைப் பணம் நின்றுபோகும் என்பது அந்தக் குடும்பங்களின் வாதம். ஒரு பக்கம் மூதாதையர் நிலம், இன்னொரு பக்கம் வீட்டுச் செலவு. இதில் ஒரு தரப்பைச் சுற்றுச்சூழலின் எதிரி என்று முத்திரை குத்துவது நியாயமாகாது.

இன்று எதைப் பார்க்கலாம்?

நெடுஞ்சாலை 550இலிருந்து பூங்காவுக்குத் திரும்பும் வழியில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தார்ச்சாலை, பிறகு 21 கிலோமீட்டர் மண்சாலை. கோடை மழையில் மண்சாலை சேறாகி வண்டி சிக்கும். பூங்காவுக்குள் பெட்ரோலும் உணவும் கிடைக்காது. பார்வையாளர் மையத்தை அடையும் முன்பே ஃபஹாதா கண்ணில் படும். சாலையோரத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

உச்சி வெயிலில் குன்று வெளிறிய ஒரே நிறமாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் மணற்கல்லின் செங்குத்துப் பிளவுகளும், கீழ்ச்சரிவின் கரும்பட்டைகளும் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன. தென்மேற்குப் பக்கம் பார்வைக்கு வரும் இடத்தில், மாலை வெயிலில் ஏறுபாதை போன வழியைத் தேடிப் பார்க்கலாம். 2013இல் இந்தப் பூங்காவுக்குப் பன்னாட்டு இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. காலோ முகாமில் இரவு தங்கினால், விளக்கொளி படாத வானத்தின் கீழ் குன்று கரிய வெட்டுருவமாக நிற்பதைக் காணலாம்.

திருப்ப நாளில் சூரியனை எப்படியும் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு, காசா ரிங்கோனாடா என்னும் பெரிய வட்டச் சடங்குக்கூடம் இருக்கிறது. கோடைத் திருப்பக் காலையில் அதன் வடகிழக்குச் சாளரத்தின் வழியே நுழையும் ஒளி எதிர்ச்சுவரில் உள்ள மாடம் ஒன்றில் விழுவதைக் காணக் கூட்டம் கூடுகிறது. ஆனால் அந்தச் சுவர் 1930களில் சீரமைக்கப்பட்டது. சாளரத்துக்கு வெளியே ஒரு காலத்தில் ஓர் அறை இருந்தது. அதன் சுவர் நின்ற காலத்தில் ஒளி உள்ளே வந்திருக்குமா என்பதில் தொல்லியலாளர்களுக்கு ஐயம் உண்டு.